மையமில் நாணய வலையும் சிறார்க்குரிய உவமையும்

1. தோற்றுவாய்

கிரிப்டோகரன்சி என்னும் சொல் இந்நாளில் பள்ளிச் சிறார் செவிக்கும் எட்டியுள்ளது. விளம்பரங்களிலும் கைப்பேசி விளையாட்டுகளிலும் அவர்கள் அதனைக் கேட்கின்றனர். கேட்டபின் அஃது யாது என வினவுகின்றனர். வினவும் சிறார்க்குப் பெரியோர் கூறும் விடை பெரும்பாலும் இருவகைப்படும். ‘கணினிக்குள் கிடக்கும் பொன்’ என்பது ஒன்று. ‘உனக்கு விளங்காது’ என்பது மற்றொன்று. பின்னது வினாவை அவித்துவிடுகின்றது. முன்னது வினாவை அவிப்பதோடு பிழைபட்ட கருத்தொன்றையும் உள்ளத்தில் ஊன்றிவிடுகின்றது. சிறுவன் வளர்ந்து தன் பொருளைத் தானே ஆளும் அகவையை எய்தும்போது, அப்பிழைக் கருத்தே அவன் இழப்புக்கு வாயிலாகலாம். ஆதலின் இப்பொருளைத் தமிழில் சிறார்க்கு உணர்த்தும் நெறி யாது என்பது தமிழ் பயிற்றுவோரும் ஆராயத்தக்கதாகும்.

அறியாத பொருளை அறிந்த பொருள் கொண்டு உணர்த்துவது உவமை. தொல்காப்பிய உவமவியல், உவமையின் தோற்றத்தை வினை, பயன், மெய், உரு என நான்காகப் பகுக்கின்றது. புலியைப்போலப் பாய்ந்தான் என்பது வினை. மழையைப்போல வழங்கினான் என்பது பயன். துடியைப்போன்ற இடை என்பது மெய், அஃதாவது வடிவு. பொன்னைப்போன்ற மேனி என்பது உரு, அஃதாவது நிறம். இப்பகுப்புச் செய்யுட்கு உரியதாக வகுக்கப்பட்டதே. எனினும் ஒரு பொருளை விளக்கப் புகுவோன், தான் எடுத்த உவமை எவ்வகையது என்பதை அளந்து பார்ப்பதற்கு அஃது ஏற்ற கருவியாகும். நன்னூலார் நூற்குரிய பத்து அழகுகளுள் விளங்கும் எடுத்துக்காட்டு உடைமையை ஒன்றாகவும், பத்துக் குற்றங்களுள் மயங்க வைத்தலை ஒன்றாகவும் எண்ணினார். எடுத்துக்காட்டே மயங்க வைக்குமாயின் அழகு குற்றமாகிவிடும். மையமில் நாணயத்தைப் பற்றிய விளக்கங்களுள் இது நிகழ்ந்துள்ளமையை முதற்கண் காட்டி, அடுத்துப் பொருந்தும் உவமைகளை ஆராய்வோம்.

2. பெயரால் விளையும் மயக்கம்

இவ்வகை நாணயங்களுள் முதற்கண் தோன்றி நிலைபெற்றது பிட்காயின். சதோசி நகமோட்டோ என்னும் பெயரால் 2008 அக்டோபர் 31ஆம் நாள் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று வெளியிடப்பட்டது. 2009 சனவரி 3ஆம் நாள் இதன் கணக்கேட்டின் முதற்பக்கம் உருவாயிற்று. அப்பெயர்க்குரியார் ஒருவரோ பலரோ என்பது இன்றுகாறும் நிறுவப்படவில்லை.

‘காயின்’ என்னும் சொல் காசினைக் குறிக்கும். செய்தித்தாள்களும் இதனை வட்டமான பொற்காசாகவே வரைந்து காட்டுகின்றன. வட்டம் மெய்யுவமம், பொன்னிறம் உருவுவமம். ஆயின் இந்நாணயத்திற்கு வடிவும் இல்லை, நிறமும் இல்லை. கணினியின் நினைவகம் முழுவதையும் துருவினும் காசு என்று சுட்டத்தக்கதொரு பொருள் அகப்படாது. இருப்பது கணக்கு ஒன்றே. இன்னாரிடமிருந்து இன்னார்க்கு இவ்வளவு சென்றது என்னும் குறிப்புகளின் தொடரே பிட்காயின் எனப்படுவது. ஆகவே வடிவும் நிறமும் பற்றிய உவமைகள் இல்லாத பொருளை உள்ளதாகக் காட்டிவிடுகின்றன.

‘மறைநாணயம்’ என்னும் மொழிபெயர்ப்பும் இத்தகையதே. மறை என்றவுடன் சிறுவன் இஃது ஒளித்து வைக்கப்பட்டது என்று கொள்வான். உண்மையோ நேர்மாறானது. பிட்காயினின் கணக்கேடு யாவரும் காணத் திறந்து கிடப்பது. மறையீட்டுக் கலை ஈண்டுப் பயன்படுவது, கையொப்பம் மெய்யென நிறுவுதற்கும் ஏட்டுப் பக்கங்களைப் பிணித்தற்கும் ஆகும், குறிப்புகளை மறைத்தற்கன்று. ஏட்டில் மக்களின் பெயர்க்கு மாறாக எண்களும் எழுத்துகளும் கலந்த முகவரிகள் நிற்கின்றன. அம்முகவரி யாருடையது என ஒருமுறை தெரிந்துவிட்டால் அதன் வழியே நிகழ்ந்த கொடுக்கல் வாங்கல் அனைத்தும் தெரிந்துவிடும்.

‘அகழ்தல்’ அல்லது ‘சுரங்கம் தோண்டுதல்’ என்பது மூன்றாவது மயக்கம். நகமோட்டோவின் கட்டுரை, புதிய நாணயம் சிறிது சிறிதாகப் புழக்கத்திற்கு வருதலைப் பொன் அகழ்வார் உழைப்பினால் பொன் புழக்கத்திற்கு வருதலோடு ஒப்பிட்டது. ஒப்புமை அவ்வொரு கூற்றளவில் நின்றது. பின்வந்தோர் அதனை முழுச்செயலுக்கும் பெயராக்கிவிட்டனர். அதனால் அச்செயலின் முதன்மையான பயன், அஃதாவது கணக்கேட்டின் பக்கத்தை முத்திரையிட்டுக் காத்தல், பெயருக்குள் புதைந்துபோயிற்று. சிறார்க்குக் கூறுங்கால் ‘முத்திரையிடுவோர்’ என்று வழங்குதல் நன்று என நாம் கருதுகிறோம்.

3. யாப்புத் தீவின் கற்பணம்

வினையும் பயனும் பற்றிய உவமை ஒன்று உலகில் உண்மையாகவே நிகழ்ந்ததாகக் கிடைத்துள்ளது. பசிபிக் பெருங்கடலில், இன்று மைக்கிரோனீசியக் கூட்டாட்சி நாடுகளுள் அடங்கிய யாப்புத் தீவில், நடுவே துளையிட்ட பெருங்கல் வட்டுகள் செல்வமாகக் கருதப்பட்டன. அவற்றை ‘இராய்’ என்பர். 400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவிலுள்ள பலாவுத் தீவுகளில் சுண்ணாம்புக் கல்லை வெட்டி, தோணிகளிலும் தெப்பங்களிலும் கொணர்ந்தனர். பெரிய கற்கள் ஆள் உயரத்தினும் மிக்கவை, எளிதில் பெயர்க்கவியலாதவை. ஆதலின் கல் கைம்மாறும்போது அஃது இருந்த இடத்திலேயே இருக்கும்; அஃது இனி இன்னாருடையது என்னும் அறிவு மட்டுமே ஊரார் உள்ளத்தில் மாறும்.

அமெரிக்கரான வில்லியம் ஹென்றி பர்னசு 1910இல் வெளியிட்ட நூலில் வியத்தகு செய்தி ஒன்றைக் குறித்துள்ளார். ஒரு குடும்பத்தின் பெருங்கல், கொணரும் வழியில் புயலால் கடலில் மூழ்கியது. கொணர்ந்தோர் அதன் பருமையையும் அழகையும் ஊரார்க்குச் சான்று பகர்ந்தனர். கண்ணாற் காணாத அக்கல்லின் உரிமை தலைமுறை கடந்தும் அக்குடும்பத்திற்கு உரியதாகவே ஒப்புக்கொள்ளப்பட்டது.

இக்கதையைச் சிறார் விரும்பிக் கேட்பர். பணம் என்பது கையில் உள்ள பொருள் மட்டுமன்று, பலரும் ஒத்து வைத்திருக்கும் கணக்கு என்னும் முதற்கருத்து இதனால் எளிதில் விளங்கும். ஆயின் உவமையின் எல்லையையும் உடனே கூறுதல் வேண்டும். யாப்புத் தீவினர் ஒருவரையொருவர் அறிந்தவர். பொய்யுரைத்தவன் ஊரார் முகத்தில் விழிக்க வேண்டும். பிட்காயின் வலையிலோ உலகெங்கும் உள்ள, ஒருவரையொருவர் அறியாத கணினிகள் கணக்கு வைத்துள்ளன. அறியாதார் கூட்டத்தில், தலைவன் இன்றி, ஒரே கணக்கு நிலைபெறுவது எங்ஙனம்? இவ்வினாவே இப்பொருளின் உயிர்நாடி.

4. வகுப்பறை ஏடு

இவ்வினாவை விளக்குதற்கு முப்பது மாணவர் உள்ள வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் ஒதுங்கி நிற்கிறார். ஒவ்வொருவர் கையிலும் ஒரு குறிப்பேடு உள்ளது. புளியங்கொட்டை எதுவும் உண்மையில் கொடுக்கப்படுவதில்லை. ‘கயல்விழி இளங்கோவிற்கு 5 கொட்டை தருகிறாள்’ என்று கயல்விழி உரக்கக் கூற, முப்பது பேரும் தத்தம் ஏட்டில் எழுதிக்கொள்கின்றனர். ஒருவன் ஏடு கிழிந்தாலும், ஒருவன் திருத்தி எழுதினாலும், ஏனைய இருபத்தொன்பது ஏடுகள் உண்மை கூறும். மையமின்மை என்பதன் பொருள் இதுவே. வங்கியில் கணக்கேடு வங்கியாரிடம் உள்ளது. ஈண்டுக் கணக்கேடு விரும்புவார் அனைவரிடமும் உள்ளது.

இனி இடர்ப்பாடுகள் எழும். முதலாவது, கயல்விழியின் பெயரால் வேறொருவன் கூவினால் என் செய்வது? இதற்கு விடை கையொப்பம். வலையில் ஒவ்வொருவர்க்கும் இரண்டு எண்கள் உள்ளன. ஒன்றைத் தாமே மறைவாக வைத்துக்கொள்வர். அதனைத் திறவுகோல் என்பர். மற்றொன்றை உலகறிய வெளியிடுவர். மறைவெண்ணால் இட்ட கையொப்பத்தை வெளியெண் கொண்டு யாரும் மெய்யென அறியலாம். ஆயின் வெளியெண்ணிலிருந்து மறைவெண்ணை நடைமுறையில் எவராலும் கணிக்க இயலாது. தாளில் இடும் கையொப்பத்தோடு இது பயனால் ஒக்கும், வினையால் ஒவ்வாது. தாட்கையொப்பம் எப்போதும் ஒரே வடிவினது. ஆதலின் பார்த்து எழுதலாம். இக்கையொப்பமோ செய்திதோறும் வேறுபடுவது. ஒரு செய்தியினின்றும் பெயர்த்து மற்றொன்றில் ஒட்ட இயலாது.

இரண்டாவது இடர்ப்பாடு நுட்பமானது. கயல்விழியிடம் உள்ளவை 5 கொட்டைகளே. அவள் வகுப்பின் ஒரு மூலையில் ‘இளங்கோவிற்கு 5’ என்றும், மறு மூலையில் ‘நம்பிக்கு 5’ என்றும் கையொப்பமிட்டுக் கூறுகிறாள். கையொப்பம் இரண்டும் மெய்யானவை. பாதிப்பேர் ஒன்றனையும் பாதிப்பேர் மற்றொன்றனையும் எழுதிவிட்டனர். எது முன்னையது என முடிவு செய்ய ஆசிரியர் இலர். ஒரு பணத்தை இருமுறை செலவிடும் இப்புரட்டைத் தடுப்பதே நகமோட்டோ தீர்த்த சிக்கலாகும்.

5. முத்திரை எண்

தீர்வினைச் சிறார் தாமே கணக்கிட்டுக் காணும் வகையில் அமைக்கலாம். அறிவிப்புகளை உடனே ஏட்டில் ஏற்றாமல், மூன்று சேர்ந்தபின் ஒரு பக்கமாக்குவது என்று விதி செய்வோம். ஒவ்வொரு பக்கத்திற்கும் ஒரு முத்திரை எண் வேண்டும். முந்திய பக்கத்தின் முத்திரையோடு, முதற்குறிப்பின் தொகையை 3 ஆலும், இரண்டாவதை 7 ஆலும், மூன்றாவதை 11 ஆலும் பெருக்கிக் கூட்டுக. அதனோடு, நாம் விரும்பும் நிரப்பெண் ஒன்றை 13 ஆல் பெருக்கிச் சேர்க்க. வரும் விடையின் கடைசி இரண்டு இலக்கமே முத்திரை. அம்முத்திரை 10இனும் குறைவாக இருந்தாலன்றிப் பக்கம் செல்லாது.

முந்திய முத்திரை 41 என்றும், தொகைகள் 3, 5, 4 என்றும் கொள்வோம். 41, 9, 35, 44 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 129. நிரப்பெண் 0 எனின் முத்திரை 29. 1 எனின் 42. 2 எனின் 55. 3 எனின் 68. 4 எனின் 81. 5 எனின் 94. 6 எனின் 207 ஆகி முத்திரை 07 ஆகும். இது 10இனும் குறைந்தது, பக்கம் செல்லும். முதலில் கண்டவன் ‘நிரப்பெண் 6’ என்று கூவுகிறான். ஏனையோர் ஒரே கணக்கில் சரிபார்த்துத் தத்தம் ஏட்டில் ஏற்கின்றனர். தேடுதல் அரிது, சரிபார்த்தல் எளிது என்பதைச் சிறார் தம் கையாலேயே உணர்வர்.

அடுத்த பக்கத்தின் தலையில் 07 எழுதப்படும். பின்னொருநாள் ஒருவன் பழைய பக்கத்தில் 4 என்பதை 5 ஆகத் திருத்துகிறான் எனக் கொள்க. முத்திரை 18 ஆகிப் பக்கம் செல்லாததாகிவிடும். அவன் மீண்டும் தேடி நிரப்பெண்ணை 5 ஆக மாற்றினால் முத்திரை 05 ஆகும்; அப்பக்கம் மட்டும் செல்லும். ஆயின் அடுத்த பக்கத்தின் தலையில் 07 அன்றோ நிற்கின்றது? அதனையும் திருத்தி, அதற்கடுத்ததையும் திருத்தி, இறுதிவரை அனைத்தையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். அதற்குள் ஏனையோர் புதிய பக்கங்களைச் சேர்த்துக்கொண்டே செல்வர். சங்கிலி என்று இதனைக் கூறுதல் இக்காரணத்தாலேயே பொருந்துகின்றது. எழுதிய ஆவணத்திற்குக் காலமுத்திரை இட்டு ஒன்றோடொன்று பிணிக்கும் கருத்தை 1991இலேயே ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்னும் இருவர் வெளியிட்டனர். நகமோட்டோவும் தம் கட்டுரையில் அவர்களைச் சுட்டியுள்ளார்.

இருவர் ஒரே வேளையில் இருவேறு பக்கங்களை முடித்தால், ஒவ்வொருவரும் தமக்கு முதலில் எட்டிய பக்கத்தின்மேல் தொடர்ந்து எழுதுவர். எத்தொடரின்மேல் மிகுந்த உழைப்புச் சேர்கின்றதோ அதனையே பின்னர் அனைவரும் ஏற்பர். விடுபட்ட பக்கத்திலிருந்த குறிப்புகளுள் ஏற்ற தொடரோடு முரண்படாதவை மீண்டும் காத்திருக்கும். கயல்விழியின் இரண்டு அறிவிப்புகளுள் ஒன்றே இங்ஙனம் நிலைபெறும். மற்றொன்று தானே வீழும். இளங்கோ உடனே மகிழாமல், தன் குறிப்புள்ள பக்கத்தின்மேல் வேறு சில பக்கங்கள் ஏறும்வரை காத்திருத்தல் நன்று.

இவ்வகுப்பறைக் கணக்கின் எல்லையும் கூறத்தக்கது. நம் கூட்டல் பெருக்கலைப் பின்னோக்கிக் கணக்கிட்டு நிரப்பெண்ணை எளிதில் காணலாம். பிட்காயினில் பயன்படும் ‘எஸ்எச்ஏ-256’ என்னும் கணிப்பு அத்தகையதன்று. ஓர் எழுத்து மாறினும் விடை முற்றிலும் மாறும். வேண்டும் விடையைப் பெற ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பதன்றி வேறு வழி அறியப்படவில்லை. பக்கம் ஒன்றிற்குச் சராசரி 10 நிமிடம் ஆகுமாறு, 2,016 பக்கத்திற்கு ஒருமுறை தேடலின் கடுமை தானே திருத்தப்படுகின்றது. வகுப்பில் ‘10இனும் குறைவு’ என்பதை ‘5இனும் குறைவு’ என மாற்றினால், தேடும் உழைப்பு ஏறத்தாழ இருமடங்காவதைச் சிறார் காண்பர்.

முத்திரையிட்டவர்க்குப் பரிசாகப் புதிய நாணயம் தரப்படும். தொடக்கத்தில் பக்கத்திற்கு 50 ஆக இருந்தது. 2,10,000 பக்கத்திற்கு ஒருமுறை பாதியாகின்றது. 2012, 2016, 2020, 2024 ஆகிய ஆண்டுகளில் அங்ஙனம் குறைந்து 3.125 ஆயிற்று. 50, 25, 12.5 எனக் குறைந்து செல்லும் தொடரின் கூட்டுத்தொகை 100ஐ அணுகும். அதனை 2,10,000 ஆல் பெருக்க வருவது 2 கோடியே 10 இலட்சம். மொத்த நாணயம் அவ்வெல்லையைக் கடவாது என்பதற்குக் காரணம் இதுவே. உயர்வகுப்பு மாணவர்க்கு இஃது இன்பம் தரும் கணக்காகும்.

6. கூறாது விடக்கூடாதவை

உவமையால் பொருள் விளங்கிய அளவில் ஆசிரியர் கடமை முடிந்துவிடாது. ‘இங்கு எவரையும் நம்பவேண்டுவதில்லை’ என்று இவ்வலையைப் புகழ்வோர் கூறுவர். அக்கூற்று முழுதும் பொருந்தாது. நம்பிக்கை ஒழியவில்லை, இடம் மாறியுள்ளது. நிரலின் பிழையின்மையையும், கணிக்கும் ஆற்றலில் பெரும்பகுதி ஒருவர் கையில் சேராமையையும் நாம் நம்பவேண்டியுள்ளது. பாதிக்கு மேற்பட்ட ஆற்றல் ஒருவர் வயப்படின் அண்மைப் பக்கங்களை அவர் மாற்றி எழுதக்கூடும். ஆயினும் பிறர் கையொப்பத்தை அவரால் இட இயலாது.

மேலும், ஏடு மையமற்றதாயினும் அதனை அணுகும் வாயில்கள் பலவும் மையமுடையவை. தம் திறவுகோலைத் தாமே வையாமல் பரிமாற்ற நிலையத்தாரிடம் ஒப்படைப்போர் மீண்டும் ஒரு நிறுவனத்தையே நம்புகின்றனர். டோக்கியோவில் இயங்கிய மவுண்டு காக்சு என்னும் நிலையம் 2014இல் நொடித்தபோது, ஏறத்தாழ 8,50,000 பிட்காயின் காணாமற் போனதாக அறிவித்தது. அவற்றுள் ஏறத்தாழ 2,00,000 பின்னர்க் கண்டெடுக்கப்பட்டன. ஏடு பிழைபடவில்லை, வாயிலே பிழைபட்டது. திறவுகோலைத் தாமே வைத்துத் தொலைத்தவர்க்கோ முறையிட ஓர் அலுவலகமும் இல்லை. தலைவன் இன்மையால் வரும் உரிமையும், தலைவன் இன்மையால் வரும் துணையின்மையும் ஒன்றாகவே வருவன. இதனைச் சிறுவர்க்கு மறைத்தல் கேடாகும்.

2010 மே 22ஆம் நாள் அமெரிக்காவில் ஒருவர் இரண்டு பீட்சாவிற்கு 10,000 பிட்காயின் கொடுத்தார். இந்நிகழ்ச்சியைக் கூறுவோர், அவர் எவ்வளவு இழந்தார் என்று இன்றைய விலையால் பெருக்கிக் காட்டி வியப்பர். அங்ஙனம் கூறின் சிறுவன் உள்ளத்தில் எஞ்சுவது ஆசை ஒன்றே. விலை என்பது வாங்குவார் விற்பார் மனப்போக்கால் ஏறவும் இறங்கவும் வல்லது, கணிப்பின் திண்மைக்கும் விலையின் திண்மைக்கும் தொடர்பில்லை என்பதற்கு எடுத்துக்காட்டாக அதே நிகழ்ச்சியைக் கூறலாம். பக்கம் பிழையின்றி எழுதப்படுதல் வேறு. அப்பக்கத்தில் எழுதப்பட்டது நாளை என்ன விலை பெறும் என்பது வேறு.

முத்திரைத் தேடலுக்கு மிகுந்த மின்னாற்றல் செலவாதலும் கூறத்தக்கது. அதனைத் தவிர்க்க வேறு நெறிகளும் உள்ளன. எத்தீரியம் என்னும் வலை 2022 செப்டம்பரில் உழைப்புச் சான்று முறையை விடுத்துப் பிணைவைப்பு முறைக்கு மாறியது. அம்முறையில் தம் நாணயத்தைப் பிணையாக வைத்தோரே பக்கத்தை முன்மொழிந்து சான்று கூறுவர். முரணான சான்று கூறினால் பிணையில் ஒரு பகுதியை இழப்பர்.

நாட்டுச் சட்டமும் ஒருபடித்தானது அன்று. எல் சால்வடார் 2021இல் பிட்காயினைச் சட்டமுறை நாணயமாக்கியது. 2025இல் சட்டத்தைத் திருத்தி, வணிகர் அதனை ஏற்றேயாகவேண்டும் என்னும் கட்டாயத்தை நீக்கிற்று. இந்தியாவில் இவற்றால் வரும் ஊதியத்திற்கு 2022 ஏப்ரல் முதல் 30 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. எனினும் வரி விதித்தமை கொண்டு இவை சட்டமுறை நாணயமாயின என்று கொள்ளுதல் தவறு.

7. முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் சில முடிவுகள் பெறப்படும். மையமில் நாணயத்தைச் சிறார்க்கு உணர்த்துங்கால் மெய்யும் உருவும் பற்றிய உவமைகளை விலக்குக. வினையும் பயனும் பற்றியவற்றைக் கொள்க. பணம் என்பது பலர் ஒத்த கணக்கு என்பதற்கு யாப்புத் தீவின் கல்லும், ஏடு பலரிடத்து இருத்தற்கு வகுப்பறையும், பக்கங்களின் பிணிப்பிற்கு முத்திரை எண்ணும் இம்முறையே நிற்றல் வேண்டும். ஒவ்வோர் உவமையும் எவ்விடத்து ஒவ்வாது என்பதை அவ்வுவமையோடு சேர்த்தே கூறுதல் வேண்டும். ஒவ்வாமை கூறப்பட்ட இடத்திலேதான் சிறுவன் அடுத்த வினாவை எழுப்புகின்றான். யாப்புத் தீவின் எல்லை கையொப்பத்திற்கும், கையொப்பத்தின் எல்லை முத்திரைக்கும் வழிகாட்டியமை மேலே கண்டோம்.

கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோரும் இதனைக் கருதுதல் நலம். பிறமொழிச் சொல்லில் பொதிந்த உவமையை அவ்வாறே பெயர்ப்பின் அதன் மயக்கமும் உடன் வரும். ‘அகழ்வோர்’ என்பதற்கு ‘முத்திரையிடுவோர்’ என்றும், ‘மறைநாணயம்’ என்பதற்குப் ‘பொதுவேட்டு நாணயம்’ என்றும் வழங்கிப் பார்க்கலாம். இவற்றினும் சிறந்த சொற்கள் அறிஞர்க்குத் தோன்றுமாயின் அவையே நிலைபெறுக. பள்ளி மாணவர் இக்கணக்கைக் கொண்டு ஒரு பக்கத்திற்கு முத்திரை இட்டுப் பார்த்தபின், அச்சொற்களுள் எது தமக்கு விளங்குகின்றது என்று அவர்களையே கேட்டறிதல் இவ்வாய்வின் அடுத்த படியாகும்.